டயர் பட்டனை அளப்பது எப்படி: மழைக்காலத்துக்கு முன் காரின் நான்கு டயர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

பஞ்சர் கடையில் டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு "இன்னும் பத்தாயிரம் ஓடும் சார்" என்பார்கள். காய்ந்த சாலைக்கு அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கலாம். மழைச் சாலைக்கு அது எதையும் சொல்லாது. பட்டன் என்பது சாலையைத் தொடும் பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகளும் அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளங்களும். அதன் முக்கிய வேலை தண்ணீரை வெளியேற்றுவது. காய்ந்த தார்ச் சாலையைப் பிடித்துக்கொள்வதற்குப் பள்ளமே தேவையில்லை. பந்தயக் கார்கள் காய்ந்த பாதையில் வழவழப்பான டயரோடுதான் ஓடுகின்றன. தேய்ந்த டயரின் கட்டைகள் குட்டையாகிவிடுவதால் நெளிவது குறையும். அதனால் காய்ந்த சாலையில் திருப்பினால் புது டயரைவிடக் கெட்டியாகவே தோன்றும். மே மாதம் முழுக்க "பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது" என்று நம்பவைக்கும் டயர், வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்தில் வேறு முகம் காட்டுவது இதனால்தான். ஆகவே அளவெடுப்பதைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரில், ஒரு டயரின் மேல் ஏறக்குறைய 250 கிலோ நிற்கிறது. காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. 250-ஐ 2.3-ஆல் வகுத்தால் சுமார் 108 சதுர செ.மீ. வருகிறது. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட உள்ளங்கை அளவுதான். வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகவே நடக்க வேண்டும்.

இந்த இடத்தில் ரப்பர் இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று, சாலைப் பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, ஜல்லி மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அமுங்கி, அவற்றின் மேல் நகரும்போது ஆற்றலை விழுங்குகிறது. மெல்லிய நீர்ப்படலம் வந்தாலே முதல் வழி பெருமளவு அடைபட்டுவிடும். நீர் இன்னும் தடிமனாகி ஜல்லியையும் மூடிவிட்டால் இரண்டாவதும் போய்விடும். மணல் படிந்த சாலையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே, நீருக்குப் பதில் உருளும் துகள்கள். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறலில் எண்ணெயும் தூசியும் நீரும் குழைந்து கிடக்கும். பலத்த மழை அதைக் கழுவிவிட்ட பிறகு இருப்பதைவிட அப்போது வழுக்கல் அதிகம்.

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் புரியும். காய்ந்த தார்ச் சாலையின் உராய்வுக் கெழுவை 0.8 என்று கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த கணத்திலிருந்து நிற்கும் தூரம் சுமார் 31 மீட்டர். ஈரத்தில் தேய்ந்த டயரோடு அது 0.4 ஆனால் 63 மீட்டர். பிரேக்கில் கால் போய்ச்சேரும் ஒரு விநாடியில் கடக்கும் 22 மீட்டரை இரண்டிலும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் இந்தத் தூரத்தைக் காப்பாற்றாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், ஸ்டியரிங் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வதே அதன் வேலை. இல்லாத பிடிப்பை அது உண்டாக்க முடியாது.

இப்போது நீரின் அளவு. 185 மி.மீ. அகல டயர், 3 மி.மீ. நீர் தேங்கிய சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஓடினால், அதன் பாதையில் விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் நீர் வருகிறது. அதில் ஒரு பகுதியை டயர் பக்கவாட்டில் தள்ளுகிறது. மீதி பட்டன் பள்ளங்கள் வழியாகப் போக வேண்டும். போக இடமில்லையென்றால் நீர் டயருக்கு முன்னால் ஆப்பு போல நுழைந்து அதைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். அக்வாபிளேனிங் என்பது இதுதான்.

பட்டன் இல்லாத டயர், அல்லது பள்ளத்தைவிட ஆழமான நீர் என்றால், எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள். கி.மீ. கணக்கில் அது, பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.6-ஆல் பெருக்குவது. 33 பிஎஸ்ஐக்குச் சுமார் 95 கி.மீ., 25-க்கு 83, 20-க்கு 74. கார் டயரின் வடிவம் வேறு என்பதால் இந்த எண்களை எல்லைக்கோடாக நம்பிவிடக் கூடாது. ஆனால் போக்கு தெளிவு: காற்று குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது மணலுக்கும் சேற்றுக்கும் உரிய யோசனை. தார்ச் சாலைக்கு அது நேர்மாறு.

கையில் வேண்டியவை

ஒரு டெப்த் கேஜ் (பள்ளத்தின் ஆழம் அளக்கும் ஊசிக் கருவி), ஒரு காற்றழுத்தக் கேஜ், டார்ச், சாக்பீஸ், குறித்துக்கொள்ள ஒரு நோட்டு அல்லது கைபேசி. டெப்த் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதன் வால் கம்பியே போதும். அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகச் செருகி, லிங்கனின் தலை முழுதும் தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. அந்த இடைவெளி ஏறக்குறைய 1.6 மி.மீ. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்ப்பதில் பொருளில்லை. எப்படியும் அந்தச் சோதனை "தேய்ந்துவிட்டது" என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

அளக்கும் முறை

1. காலையில், வண்டி எடுப்பதற்கு முன், சமதளத்தில் வைத்துத் தொடங்குங்கள். முதலில் காற்று. சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் "மேக்ஸ்" என்ற எண் டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதை நிரப்பக் கூடாது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி கூடினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடும். நெடுஞ்சாலையில் ஓடிய டயர் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு. பங்க்கில் அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் குறைவாக நிற்கும்.

2. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். முன் டயரின் முழு அகலமும் வெளியே வந்துவிடும். ஜாக்கி தேவையில்லை. பின் டயரின் உட்பக்கத்துக்கு மட்டும் வண்டிக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடிக்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

3. பள்ளங்களில் சிக்கிய கற்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். ஆணி போல் ஏதாவது குத்தியிருந்தால் உடனே பிடுங்க வேண்டாம். சாக்பீஸால் வட்டமிட்டுப் பஞ்சர் கடையில் காட்டுங்கள்.

4. கேஜைக் கண்ணாடி மேல் அழுத்திப் பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். மலிவான கேஜ்கள் 0.3, 0.4 மி.மீ. தப்பு காட்டுவதுண்டு. 3 மி.மீ. பட்டனில் அது சின்னத் தப்பில்லை.

5. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும். டயரின் தோளில், அதாவது பட்டனும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில், டிடபிள்யூஐ என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. கேஜின் ஊசியை இந்த மேட்டின் மேல் வைத்துவிடாதீர்கள், இருப்பதைவிட 1.6 மி.மீ. குறைவாகக் காட்டும். பட்டன் தேய்ந்து இந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் சட்டபூர்வ ஆயுள் முடிந்தது.

6. வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் வரை ஒவ்வொரு நீளப் பள்ளத்திலும் ஒரு அளவு எடுங்கள். பிறகு வண்டியைச் சற்று நகர்த்தி, டயரின் சுற்றில் இன்னும் இரண்டு இடங்களில் அதையே செய்யுங்கள். ஒரு டயருக்கு மூன்று இடம், இடத்துக்கு மூன்று அல்லது நான்கு அளவு. அலுப்பான வேலைதான். ஆனால் ஒரே இடத்தில் அளந்தால் ஒருபக்கத் தேய்மானமும் திட்டுத்திட்டான தேய்மானமும் கண்ணில் படாது.

7. "முன் இடது: 4.8, 4.6, 4.1, 3.0" என்று வெளியிலிருந்து உள்ளாக எழுதி, கிலோமீட்டரையும் தேதியையும் போடுங்கள். கணக்கில் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த எண், சராசரி அல்ல.

8. உள்ளங்கையால் பட்டனைக் குறுக்கே தடவுங்கள், உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை. கம்பி நீட்டியிருக்கலாம் என்பதால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

9. ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். பெரும்பாலும் பட்டன் முழுசாக இருக்கும், காற்றுதான் இருக்காது.

எந்த அளவில் மாற்றுவது

புது கார் டயரில் பட்டன் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. இந்திய மோட்டார் வாகன விதிகளில் கார்களுக்கான குறைந்தபட்ச அளவு 1.6 மி.மீ. எங்கள் பரிந்துரை 3 மி.மீ. 8-லிருந்து 1.6 வரை பயன்படுத்தத்தக்க ரப்பர் 6.4 மி.மீ. என்றால், 3-க்கு வரும்போதே அதில் 78 சதவீதம் தீர்ந்துவிட்டது. மிஞ்சும் 22 சதவீத ரப்பருக்காக ஒரு மழைக்காலத்தைப் பணயம் வைப்பது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை. அதோடு, பல டயர்களில் பள்ளம் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். கத்திக் கீறல் போன்ற மெல்லிய வெட்டுகள் பாதி ஆழத்திலேயே மறைந்துவிடும். ஆழம் பாதியானால் நீர் வெளியேறும் இடம் பாதிக்கும் கீழே போய்விடும்.

நோட்டில் எழுதிய எண்கள் இங்கே பயன்படும். 8 மி.மீ.யில் தொடங்கிய டயர் 20,000 கி.மீ.யில் 5.5 காட்டினால், ஒரு மி.மீ. தேய 8,000 கி.மீ. ஆகிறது. 3-க்கு வர இன்னும் 20,000. டயர் மாற்றும் செலவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழியில்லை. அடுத்த அளவில் இந்தக் கணக்கு திடீரென்று மாறினால் வண்டியில் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

தேய்ந்த விதம் சொல்வது

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு தோளும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு, அல்லது எப்போதும் அதிகச் சுமை. இரண்டுக்கும் ஸ்டிக்கர் அளவே மருந்து.

உட்பக்கம் மட்டும் தேய்வதுதான் ஆபத்தானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதுசு போல் இருக்கும். உள்ளே கம்பி தெரியும் அளவுக்குப் போயிருக்கும். காரணம் சக்கரத்தின் சாய்வாக இருக்கலாம், டோ என்கிற கோணமாக, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ (டோ-இன்) வெளியேயோ (டோ-அவுட்) திரும்பி நிற்பதாக இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி உட்கார்ந்துவிட்டால் முன் சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாயும். சாலைப் பள்ளத்தில் பலமாக விழுந்து, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்தாலும், அதன் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தாலும் இதேதான். புஷ் ஆடிக்கொண்டிருக்கும்போது வீல் அலைன்மென்ட் செய்தால் காசுதான் வீண். முதலில் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் ஆகியவற்றைப் பார்த்து, பிறகே அலைன்மென்ட்.

டோ தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சக்கரம் 0.3 டிகிரி திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ரப்பர் தாளில் அழிப்பான் தேய்வது போலத் தேயும். இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் முன் கைக்குத் தெரியும்: தடவும்போது ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பம் போல் முனை. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுக்கினால் டோ-இன் அதிகம். வெளிப்பக்கம் முதலில் தேயும். உள்ளிருந்து வெளியே தடவும்போது வழுக்கினால் டோ-அவுட், உட்பக்கம் தேயும். அலைன்மென்ட் கடையில் "முன்பு", "பின்பு" இரண்டு எண்களும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் ஓடும் பல சிறிய கார்களில் பின் சக்கரக் கோணத்தைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. பின் டயர் ஒருபக்கம் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சுற்றிலும் திட்டுத்திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது, அல்லது வீல் பேலன்சிங் இல்லை. டயர் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. இதில் வரும் முழங்கும் சத்தத்தைப் பலர் வீல் பேரிங் என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள். ஆளில்லாத சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். சத்தம் அதற்கேற்பக் கூடிக் குறைந்தால் பேரிங். தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயர்.

ஒரே ஒரு இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எப்போதோ சக்கரம் பூட்டி இழுத்திருக்கிறது. ஆழம் மிச்சமிருந்தால் ஓடலாம், அதிர்வு இருக்கும்.

பட்டன் இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள்

பக்கச் சுவரில் வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்கு ஒட்டு கிடையாது.

பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை, பத்து ஆண்டில் கட்டாய ஓய்வு என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளங்களின் அடியிலும் பக்கச் சுவரிலும் வெடிப்பு வலை போல் பரவியிருந்தால் ரப்பர் இறுகிவிட்டது. இறுகிய ரப்பர் ஜல்லிக்கு ஏற்ப அமுங்காது. 6 மி.மீ. பட்டனோடு வழுக்கும் டயர் இப்படிப்பட்டதுதான். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் கார்களில் இது அதிகம்.

பழைய டயர் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொட்டை டயரில் சூடான கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, பாலிஷ் அடித்து விற்பவர்கள் உண்டு. மறுபள்ளம் வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்த லாரி டயர்கள் இருக்கின்றன. கார் டயரில் அந்த ரப்பர் கிடையாது, கத்தி கம்பிப் படுகையை நெருங்கிவிடும். டிடபிள்யூஐ மேடு எங்கேயும் இல்லை, பள்ளத்தின் ஓரம் சீராக இல்லை, தோளில் உள்ள வெட்டுகள் மறைந்திருக்க நடுப் பள்ளம் மட்டும் ஆழமாக இருக்கிறது என்றால் விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

இடம் மாற்றுவதும் புது டயர் போடுவதும்

முன்சக்கர இயக்கக் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன் டயர் தலையில்தான். அதனால் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். முன் டயர்கள் அதே பக்கம் பின்னால் போகும். பின் டயர்கள் பக்கம் மாறி முன்னால் வரும். பக்கச் சுவரில் அம்புக்குறி உள்ள டயர்களை மட்டும் பக்கம் மாற்றாமல் முன்பின்னாக மாற்றுங்கள்.

இரண்டு புது டயர்தான் வாங்க முடிகிறது என்றால் அவை எங்கே? கடைக்காரர் பேச்சே இல்லாமல் முன்னால் போடுவார். நாங்கள் பின்னால் போடச் சொல்கிறோம். ஈரச் சாலையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவரும். பின் டயர் இழந்தால் கார் சுழலும். அதைத் திருத்திப் பிடிக்கும் திறமை சாதாரணமாக ஓட்டும் யாரிடமும் எதிர்பார்க்கக்கூடியதல்ல. முன்சக்கர இயக்கக் காருக்கும் இதே பதில்தான். ஒழுங்காக இடம் மாற்றி வந்தால் நான்கும் ஒன்றாகத் தேய்ந்து இந்தக் கேள்வியே எழாது.

அளவு 185/65 ஆர்15 88எச் என்றால் அதே சுமை, வேகக் குறியீடு, அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். 88 என்பது டயருக்கு 560 கிலோ. எச் என்பது 210 கி.மீ. சில டயர்களில் டிராக்ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரக்குறியீடும் இருக்கும். அது ஈரச் சாலையில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டும் சோதித்துத் தருவது. திருப்பத்தில் பிடிப்பதைப் பற்றியோ மிதப்பதைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை.

ஓட்டும்போது

ஒரு டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்பு. பிரேக்குக்கு முழுதும் செலவழித்தால் திருப்புவதற்கு மிச்சமிருக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஈரத்தில் இறங்கும்போது, வளைவுக்கு முன்பே நேர்கோட்டில் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் நுழைய வேண்டும் என்பது இதனால்தான். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு ஆகியவற்றின் மேல் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் ஒன்றாக வேண்டாம்.

தேங்கிய நீரில் ஸ்டியரிங் லேசாகிவிட்டால் ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். திருப்பிவிட்டால், டயர் மறுபடி சாலையைத் தொடும் கணத்தில் கார் அந்தப் பக்கம் பாயும். மழையில் குரூஸ் கண்ட்ரோலை அணைத்து வையுங்கள்.

புது டயர் மாட்டியவுடன் முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கத் தடவிய பொருள் மேற்பரப்பில் இருக்கும். அது தேய்ந்து போகும் வரை முழுப் பிடிப்பு வராது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை உங்கள் காரின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு மறுபடி இறுக்கிப் பாருங்கள். கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியது ஒன்று தளர்ந்திருக்கும், இல்லையேல் பஞ்சரான இரவில் ஸ்பேனருக்கு அசையாத அளவுக்கு இறுகியிருக்கும்.